காலமறிந்து பயிற்றல்: அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டம் தரும் பாடம்

கல்லூரி என்பது முற்றுப்பெறாத மனிதர் வந்து சேரும் இடம். 18 வயதிலே அங்கு நுழையும் இளைஞன் 22 வயதிலே வெளியேறும்போது அறிவாலும் உடலாலும் குணத்தாலும் வேறொருவனாக வளர்ந்திருத்தல் வேண்டும். அவ்வளர்ச்சிக்கு வேண்டிய காலத்தை அவனுக்கு அளித்தல் கல்லூரியின் முதற்கடமைகளுள் ஒன்று. வகுப்பறையிலே இக்கடமையை மறுப்பார் இலர். முதலாம் ஆண்டு மாணவன் இறுதியாண்டுப் பரீட்சை வினாக்களுக்கு விடை எழுத இயலாதிருத்தல் கண்டு எந்த ஆசிரியரும் வெகுளுவதில்லை. விளையாட்டு வெளியிலோ நிலைமை வேறு. அங்கே பார்வையாளர் பல்லாயிரவர். வெற்றியும் தோல்வியும் அன்று மாலையே வெளிப்பட்டு விடுகின்றன. பொறுத்திருக்க எவர்க்கும் மனம் வருவதில்லை. இளம் ஆட்டக்காரனை எத்துணைக் காலம் பொறுத்திருந்து வளர்த்தல் வேண்டும், அப்பொறுமை எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினா மிகக் கூர்மையாக எழுந்துள்ள நாடு ஐக்கிய அமெரிக்கா எனலாம். அந்நாட்டுக் கல்லூரி உதைபந்தாட்டத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு விளக்கம் வேண்டும். உதைபந்தாட்டம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, உருண்டைப் பந்தைக் காலால் உதைத்தாடும் ஆட்டமேயாம். அதனை அமெரிக்கர் 'சொக்கர்' என்பர். அவர்கள் உதைபந்தாட்டம் எனப் பெயரிட்டு வழங்குவது, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், எதிரியை மோதி வீழ்த்தியும் ஆடும் ஆட்டம்; நாம் அறிந்த றகர் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவினது. பக்கத்துக்குப் பதினொருவராய்த் தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து ஆடுவர். 1869 ஆம் ஆண்டிலே றட்கேர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் தம்முள் ஆடிய ஆட்டத்தையே இத்துறையின் தொடக்கமாகக் கொள்வர். இன்று மிச்சிகன் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களின் அரங்குகளிலே ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே வேளையிற் கூடி ஆட்டங் காண்கின்றனர்.

ஐரோப்பிய நாடுகளிலே தொழின்முறைக் கழகங்கள் சிறு வயது தொட்டே ஆட்டக்காரரைப் பழக்குகின்றன. அமெரிக்க உதைபந்தாட்டத்திலோ அப்பொறுப்பு உயர்நிலைப் பாடசாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் சார்ந்தது. உயர்நிலைப் பாடசாலையை விட்டு மூன்றாண்டு கழியுமுன் ஒருவர் அந்நாட்டின் தொழின்முறைக் குழுக்களிற் சேர்தல் இயலாது என்பது விதி. ஆகவே பிள்ளைப் பருவத்துக்கும் ஆடவர் பருவத்துக்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை ஆட்டக்காரர் கல்லூரியிலேயே கழிக்கின்றனர். 18 வயதினன் ஒருவன் 22 வயதினனை எதிர்த்து மோதவேண்டிய நிலையும் இதனால் உண்டாகின்றது.

இந்நான்கு ஆண்டு வேறுபாடு சிறியதன்று. ஆண் பிள்ளைகளின் உயர வளர்ச்சி சராசரியாக 14 வயதளவில் உச்ச வேகம் எய்துகின்றது. ஆயினும், ஒரே வயதினர் இருவரிடையே இவ்வளர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு முந்துதலும் பிந்துதலும் இயல்பே. முந்தி வளர்ந்தவன் திறமையால் வெல்கின்றானா, உடற்பருமையால் வெல்கின்றானா என்பது அவ்வயதிலே எளிதிற் புலப்படாது. பிந்தி வளர்பவன் திறமையற்றவன் எனத் தள்ளப்படுதலும் உண்டு. உயரம் நின்ற பின்னரும் உடல் உறுதிபெறுதல் நிற்பதில்லை. பாரந்தூக்கும் பயிற்சியைத் தொடங்கிய முதற்சில வாரங்களிலே காணும் வலிமைப் பெருக்கம், பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்கு இயக்கக் கற்றுக்கொண்டமையால் விளைவது. தசை பருத்தற்கு மாதங்கள் வேண்டும். தசையை என்புடன் பிணைக்கும் தசைநாண் அதனினும் மெல்லவே உரம் பெறும். தசை வளர்ந்துவிட்டது எனக் கண்டு பாரத்தை விரைந்து கூட்டுவோன், இன்னும் உரம்பெறாத தசைநாணுக்கு ஊறு விளைக்கின்றான்.

உள்ளத்தின் வளர்ச்சியும் அத்தகையதே. திட்டமிடல், ஆசையை அடக்கல், விளைவை எண்ணிப் பார்த்தல் ஆகிய தொழில்களுக்கு இன்றியமையாத மூளையின் முன்னுதற் பகுதி, ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே செல்கின்றது என்பது நரம்பியலார் துணிபு. இஃது ஆட்டத்திலே எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதற்குக் 'குவாட்டர்பாக்' எனப்படும் ஆட்டக்காரனை எடுத்துக்கொள்ளலாம். குழுவின் தாக்குதலை நடத்துபவன் அவன். எதிரிகள் நிற்கும் அணிவகுப்பைப் பார்த்து, அவர்கள் காட்டும் தோற்றம் மெய்யோ பொய்யோ என ஊகித்து, தன் குழுவினர்க்குக் குறிப்புணர்த்தி, பந்து கைக்கு வந்தபின் இரண்டு மூன்று விநாடிக்குள் எவர்க்கு எறிவது எனத் தெளிதல் வேண்டும். அதற்குள் அவனை வீழ்த்தப் பெருவலியுடைய எதிரிகள் பாய்ந்து வருவர். உயர்நிலைப் பாடசாலையிலே தன் கையின் வலிமையால் மட்டும் வென்றுவந்தவன், கல்லூரியிலே முதன்முறையாகக் கண்ணாலும் கருத்தாலும் வெல்லக் கற்கவேண்டியவனாகின்றான். இக்கல்வி மனப்பாடத்தால் வருவதன்று. பிழைசெய்து, பிழையை உணர்ந்து, மீண்டும் செய்தலாலே வருவது.

இவ்வியல்பை அமெரிக்கக் கல்லூரிகள் பண்டே ஓரளவு உணர்ந்திருந்தன. 1905 ஆம் ஆண்டிலே களத்தில் நேர்ந்த உயிர்ச்சேதங்களும் படுகாயங்களும் நாடெங்கும் கவலையை எழுப்பின. அக்கவலையின் பயனாகக் கல்லூரிகள் 1906 இலே ஒரு சங்கம் அமைத்தன. அதுவே 1910 தொட்டுத் தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் என்னும் பெயரால் வழங்கி வருகின்றது. நெடுங்காலமாகப் பெரிய கல்லூரிகளிலே முதலாம் ஆண்டு மாணவர் முதன்மைக் குழுவில் ஆடுதல் பொதுவாக விலக்கப்பட்டிருந்தது. புதிய ஊரிலும் புதிய கல்வியிலும் காலூன்றும் வரை அவர்கள் தமக்கென அமைந்த குழுவிலே ஆடினர். 1972 இலே இவ்விலக்கு நீக்கப்பட்டது. அன்று தொட்டு, முதலாண்டிலேயே ஒருவனை ஆடவிடுவதா, நிறுத்தி வளர்ப்பதா என்பது விதியின் பொறுப்பாக இராது பயிற்றுநரின் மதிநுட்பத்துக்கு உரியதாயிற்று.

நிறுத்தி வளர்த்தற்கு அவர்கள் கையாண்ட வழிக்குச் 'செஞ்சட்டை' முறை என்று பெயர். ஐந்தாண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த விதி. ஆகவே ஓராண்டு போட்டிகளில் ஆடாதிருந்து, பயிற்சியிலும் படிப்பிலும் மட்டும் ஈடுபட்டால், அந்த ஆண்டு நான்கிலே குறையாது. 1937 ஆம் ஆண்டிலே நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் ஆல்ப்சன் என்பவர், தமக்கு இன்னும் பயிற்சி போதாது எனக் கருதி அவ்வாண்டு போட்டியில் ஆடாது பயில அனுமதி கேட்டார் என்றும், பயிற்சியிலே இலக்கமில்லாத சிவப்புச் சட்டை அணிந்தார் என்றும், அதனின்றே இப்பெயர் பிறந்தது என்றும் கூறுவர். பொறுமையை முதலிற் கேட்டவர் மாணவரே என்பது இவ்வரலாற்றிற் கருதத்தக்கது. 2018 இலே இவ்விதி தளர்த்தப்பட்டு, நான்கு போட்டிகள் வரை ஆடினும் அந்த ஆண்டு கணக்கிலே சேராது என்றாயிற்று. இதனாலே இளைஞன் போட்டியின் வெப்பத்தைச் சிறிது உணரவும், உணர்ந்ததை அமைதியாகப் பயிலவும் இடமுண்டாயிற்று.

இச்செஞ்சட்டை ஆண்டு சும்மா இருக்கும் ஆண்டு என எவரும் எண்ணலாகாது. அடுத்து எதிர்க்கவிருக்கும் குழுவின் ஆட்டமுறையைக் கற்று, அக்குழுவினரைப்போல நடித்து, தம் முதன்மைக் குழுவினர்க்குப் பயிற்சியளித்தல் இவ்விளைஞரின் நாட்பணி. பகலிலே வகுப்பும், குறித்த வேளைகளிலே உடற்பயிற்சியும், மாலையிலே ஆட்டப் பயிற்சியும், இரவிலே ஆட்டப் படங்களைப் பார்த்து ஆராய்தலும் உண்டு. புகழ் ஒன்றுதான் இல்லை.

இவ்வாறு காத்திருந்து வளர்ந்தோருள் யாவரும் அறிந்தவர் ரொம் பிரேடி. 1995 இலே மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த இவர் முதலாண்டைச் செஞ்சட்டையுடன் கழித்தார். பின்னரும் ஈராண்டு பிறர்க்குப் பின்னே பதிலாளாக நின்றார். வேறு பல்கலைக்கழகம் செல்லவும் ஒருகால் எண்ணினார். அந்நாளில் அங்கு மாணவ ஆட்டக்காரர்க்கு ஆலோசகராயிருந்த கிரெக் ஹார்டன் என்பாரை அடிக்கடி கண்டு உரையாடி, தம் கையில் இல்லாததை விடுத்துத் தம் கையில் உள்ளதைச் செம்மைசெய்யப் பழகினார். 1998, 1999 ஆகிய ஆண்டுகளிலேதான் முதன்மை ஆட்டக்காரராயினார். அப்பொழுதும் அவ்விடத்துக்கு இளையவர் ஒருவர் போட்டியாக இருந்தார். 2000 ஆம் ஆண்டிலே தொழின்முறைக் குழுக்கள் ஆட்டக்காரரைத் தெரிவுசெய்தபோது 198 பேருக்குப் பின்னரே இவர் பெயர் அழைக்கப்பட்டது. 2023 இல் இவர் ஓய்வுபெற்றபோது, 'சூப்பர் போல்' எனப்படும் தொழின்முறை இறுதிப் போட்டியிலே ஏழு முறை வென்றிருந்தார். வேறெந்த ஆட்டக்காரரும் அவ்வெண்ணிக்கையை எய்தியதில்லை. ஹார்டன் போன்ற ஒருவர் அன்று அக்கல்லூரியில் இராதிருப்பின் அக்காத்திருப்பு வெறுங் கசப்பாய் முடிந்திருத்தலுங் கூடும்.

பொறுமையோடு தக்க போதனையும் சேர்தல் வேண்டும் என்பதை ஜோ பரோ என்பவரின் வரலாறு தெளிவாக்குகின்றது. 2015 முதல் 2017 வரை ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலே பதிலாளாகக் காத்திருந்த இவர், அங்கே பட்டம் பெற்ற பின் 2018 இலே லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவ்வாண்டு அவருடைய எறிதல்களுள் 16 மட்டுமே எதிரியின் எல்லை சேர்ந்து புள்ளி தந்தன. நல்லவர், ஆயினும் சிறந்தவரல்லர் என்றே பலரும் மதித்தனர். கல்லூரி அவரை மாற்றவில்லை. தன் ஆட்டமுறையை மாற்றியது. பந்தெறிதலைப் பெரிதாகக் கொள்ளும் புதிய முறையைக் கற்பிக்க வேறொரு பயிற்றுநரை அழைத்தது. 2019 இலே அவ்வெண்ணிக்கை 60 ஆயிற்று. ஆடிய 15 போட்டிகளிலும் அக்குழு வென்று தேசிய வெற்றிக்கிண்ணம் பெற்றது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்க்கு 1935 தொட்டு வழங்கப்படும் ஹைஸ்மன் விருதும் அவரை அடைந்தது. காலம் மட்டுமே இம்மாற்றத்தைச் செய்தது என்றல் பொருந்தாது. மாணவனின் இயல்புக்கு ஏற்பக் கற்பிக்கும் முறையை ஆசிரியர் மாற்றினார். மாணவனும் அதற்கு ஆயத்தமாயிருந்தான்.

மூன்றாமவர் ஜேலன் ஹேர்ட்ஸ். இவர் காத்திருந்து உயர்ந்தவரல்லர். உயர்ந்து, இறங்கி, பின் காத்திருந்தவர். 2016 இலே அலபாமாப் பல்கலைக்கழகத்திலே முதலாண்டிலேயே முதன்மை ஆட்டக்காரராகி மிகுபுகழ் பெற்றார். 2018 சனவரி 8 ஆம் நாள் தேசிய இறுதிப் போட்டியின் இடைவேளையில் ஜோர்ஜியாக் குழு 13 புள்ளியும் அலபாமா வெறுமையுமாக நின்றன. பயிற்றுநர் நிக் சேபன், 19 வயதினராகிய ஹேர்ட்சை நிறுத்தி, அவர்க்குப் பின்னர்க் கல்லூரியிற் சேர்ந்தவரான ருவா ரகோவைலோவா என்பவரைக் களமிறக்கினார். அலபாமா 26க்கு 23 என வென்றது. கோடிக்கணக்கானோர் பார்த்திருக்கத் தம்மிடம் பறிபோகக் கண்ட ஹேர்ட்ஸ், தம் இடத்தைப் பெற்றவருடன் சேர்ந்து களித்தார். அடுத்த ஆண்டும் அங்கேயே பதிலாளாகப் பயின்றார். 2018 டிசம்பர் முதலாம் நாள், அதே அரங்கிலே, அதே ஜோர்ஜியாக் குழுவுக்கு எதிராக ருவா காயமுற்றபோது களமிறங்கி, தம் குழுவை 35க்கு 28 என வெல்லச் செய்தார். அம்மாதமே பட்டமும் பெற்றார். பின்னர் ஒக்லகோமாப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடித் தொழின்முறைக் குழுவிற் சேர்ந்த இவர், 2025 பெப்ரவரியிலே பிலடெல்பியாக் குழு சூப்பர் போல் போட்டியில் வென்றபோது அப்போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவுசெய்யப்பட்டார். பரோவும் ஹேர்ட்சும் தாம் சேர்ந்த கல்லூரியை விட்டு நீங்கியவர்களே. ஆகவே இடம் மாறுதலையே பொறுமையின்மை எனல் பிழை. தொடங்கியதை முடித்து, பட்டத்தைப் பெற்று, அதன்பின் மாறியமையே அவ்விருவர்க்கும் பொதுவாய் அமைந்தது.

எல்லாரும் காத்திருத்தலே வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. 2018 இலே கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ரெவர் லோறன்ஸ் முதலாண்டிலேயே களமிறங்கித் தம் குழுவைத் தோல்வி காணாது தேசிய வெற்றிக்கு இட்டுச் சென்றார். ஆயத்தமானவனை வீணே நிறுத்தி வைத்தலும், ஆயத்தமாகாதவனை வலிந்து தள்ளுதலும் ஒத்த குற்றங்களே. வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓரதிகாரம் வகுத்தார். காலமறிதலுக்குப் பிறிதோர் அதிகாரம் வகுத்தார். முன்னது பிறர் செய்யுந் தீங்கைத் தாங்குதல் பற்றியது. பின்னது செயலுக்குரிய காலத்தைத் தேர்தல் பற்றியது. இளம் ஆட்டக்காரன் பந்தைத் தவறவிடுதல் பயிற்றுநர்க்குச் செய்யுந் தீங்கன்று. ஆதலின் அவர்க்கு வேண்டிய பொறுமை பின்னதன்பாற் பட்டதேயாம். மாணவனை நாடோறும் உற்றுநோக்கி, அவனவன் காலத்தை அறிந்து நடத்தலே அது.

பொறுமையின்மை தோல்வியோடு நில்லாது உயிரையும் கொள்ளும் என்பதற்கு ஒரு துயர நிகழ்ச்சியை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். வெப்பத்திலே கடும்பயிற்சி செய்ய உடல் பழகுதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வேண்டும். வியர்வை விரைந்து சுரத்தலும், குருதியின் நீரளவு பெருகுதலும் அந்நாட்களிலேயே நிகழ்கின்றன. இதுபற்றியே சங்கம் 2003 இலே பருவத் தொடக்கத்தின் முதல் ஐந்து நாளிலே காப்புடைகளைப் படிப்படியாக அணிந்து பழகும் விதியை வகுத்தது. ஆயினும் 2018 மே 29 ஆம் நாள் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலே, பருவம் தொடங்குதற்கு முன் நடந்த ஓட்டப் பயிற்சியின்போது ஜோர்டன் மக்நெயர் என்னும் 19 வயது மாணவர் வெப்பத்தாக்கமுற்றார். குளிர்நீரில் உடலை உடனே அமிழ்த்திக் குளிர்வித்தலே இதற்கு முதற் சிகிச்சை. அது செய்யப்படவில்லை. யூன் 13 ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். சட்டப்படியும் அறப்படியும் பொறுப்பு தம்முடையதே எனப் பல்கலைக்கழகத் தலைவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2021 இலே மேரிலாந்து மாநிலம் அம்மாணவர் பெயராலேயே ஆட்டக்காரர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. களைத்தவனைச் சோம்பேறி என்று கருதும் கண்ணுக்கு நோயாளி புலப்படமாட்டான். ஒருவனுடைய உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அறியக் காத்திராத பயிற்சி, பயிற்சி என்னும் பெயர்க்கே தகாது.

இவையெல்லாம் அறிந்திருந்தும் கல்லூரிகள் ஏன் விரைகின்றன? விடை எளியது. பயிற்றுநரிடம் எவரும் பொறுமை காட்டுவதில்லை. இரண்டு மூன்று பருவத்திலே வெற்றி காணாதவர் நீக்கப்படுகின்றார். 2023 இலே ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்றுநரை ஒப்பந்தம் முடியுமுன் நீக்கியதனால், அவர்க்கு 7 கோடி 50 இலட்சம் டொலருக்கு மேற் கொடுக்கவேண்டிய கடப்பாட்டுக்கு உள்ளாயிற்று. பதவி நிலையற்ற பயிற்றுநர், நான்காண்டின் பின் கனிதரும் மாணவனை வளர்ப்பதினும், இன்றே கனிந்து நிற்பவனைப் பிற கல்லூரியிலிருந்து அழைத்துவருதலை விரும்புவது வியப்பன்று.

விதிகளும் அதற்கு வழி திறந்தன. முன்னர்க் கல்லூரி மாறிய ஆட்டக்காரர் பெரும்பாலும் ஓராண்டு ஆடாதிருத்தல் வேண்டும். 2018 ஒக்டோபரிலே மாற விரும்புவோர் பெயரைப் பதியும் பொதுப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2021 இலே ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றும், 2024 இலே கல்வித் தகைமை உடையோர் எத்தனை முறையும் மாறலாம் என்றும் விதிகள் மாறின. 2021 யூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயராலும் உருவத்தாலும் விளம்பர வருவாய் பெறலாயினர். 2025 யூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி, கல்லூரிகளே தம் விளையாட்டு மாணவர்க்கு நேரே பணம் வழங்கலாம் என்றாயிற்று. முதலாண்டிலே ஒரு கல்லூரி வழங்கக்கூடிய மொத்தத் தொகை ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர். அதே இணக்கம் உதைபந்தாட்டக் குழுவின் ஆட்டொகையை 105 ஆக மட்டுப்படுத்தியமையால், புலமைப்பரிசில் இன்றித் தாமாக வந்து பயின்று மெல்ல வளர்ந்தோர்க்குரிய இடம் பல கல்லூரிகளிற் சுருங்கியது.

அவ்விடத்தின் அருமையை ஓரெடுத்துக்காட்டால் அறியலாம். ஜே. ஜே. வாட் என்பவர் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே தமக்கிருந்த புலமைப்பரிசிலைத் துறந்து, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் உதவி எதுவுமின்றிச் சேர்ந்தார். 2008 பருவம் முழுவதும் போட்டியில் ஆடாது பயின்றார். தாம் முன்பு ஆடிய நிலையை விட்டுத் தற்காப்பு நிலைக்கு மாறினார். பின்னர்த் தொழின்முறை ஆட்டத்திலே ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் என்னும் விருதை மூன்று முறை பெற்றார். இத்தகையோர் நாளை எவ்வழியாக வருவர் என்பது சிந்திக்கற்பாலது.

இம்மாற்றங்களை முற்றாகப் பழித்தலும் நியாயமன்று. கல்லூரிகள் பெரும்பொருள் ஈட்ட, ஆடிய மாணவர் பல்லாண்டு புலமைப்பரிசிலோடு அமைந்திருக்க நேர்ந்தது. பயிற்றுநர் விரும்பியபோது கல்லூரி மாறலாம். மாணவன் மாறினால் ஓராண்டை இழத்தல் வேண்டும் என்பதும் நடுநிலையாகாது. 'பொறுத்திரு' என்னும் சொல், மாணவனைக் குறைந்த விலைக்குப் பதிலாளாக வைத்திருக்கும் தந்திரமாகவும் சிலவிடத்துப் பயன்பட்டது. ஒருவனிடம் இருப்பவை நான்கே பருவங்கள். அவற்றுள் ஒன்றையேனும் அவனுக்கு மெய் கூறாது செலவிடப் பிறர்க்கு உரிமையில்லை.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். நாம் மேலே கண்ட பிரேடி, பரோ, ஹேர்ட்ஸ், வாட் ஆகியோர் பொறுத்திருந்து முடிசூடியவர்கள். முடிசூடியவரை மட்டும் எண்ணிப் பொறுமையைப் போற்றுதல் ஒரு மயக்கம். சங்கத்தின் கணக்குப்படி, கல்லூரியில் ஆடுவோருள் தொழின்முறைக் குழுக்களுக்குச் செல்வோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவானவர்களே. காத்திருந்தும் ஒருகாலும் முதன்மைக் குழுவில் இடம்பெறாது செல்வோர் பலர். அவர்களிடம் காட்டிய பொறுமை வீணா? வெற்றிக்காகவே பொறுத்தோம் எனின், வீண் என்றே விடை கூறல் வேண்டும். அவன் நம்மிடம் வளர வந்த மாணவன், அதனாலே பொறுத்தோம் எனின், வீணாகாது. பொறுமை, வெற்றிக்கு முற்பணமாக இடப்படும் முதலன்று. கல்லூரி தன் மாணவனுக்குத் தீர்க்கவேண்டிய கடன். இவ்வேறுபாட்டிலேயே எல்லாம் அடங்கியுள்ளன.

இக்கடன் முறையாகத் தீர்க்கப்படுகின்றதா என்பதை மூன்று அடையாளத்தால் அறியலாம். முதலாவது, காத்திருப்பவனுக்குக் கற்பிக்கப்படுகின்றதா என்பது. பயிற்றுநரின் கண் முதல் பதினொருவர் மீதே நிலைத்து, ஏனையோர் பார்வையாளராக நிற்பின் அதன் பெயர் புறக்கணிப்பு. சென்ற மாதம் செய்யாததை இம்மாதம் அவன் செய்கின்றானா என்று குறித்துவைக்கும் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும். இரண்டாவது, அவனுக்கு உண்மை சொல்லப்படுகின்றதா என்பது. எங்கே நிற்கின்றான், எது குறை, அதனை நீக்க எது வழி, எப்பொழுது மீண்டும் சோதிக்கப்படுவான் என்பவற்றை அவன் அறிதல் வேண்டும். 'உன் காலம் வரும்' என்னும் பொய்யான ஆறுதலினும், 'இவ்விடம் உனக்கு வாய்ப்பரிது. வேறு நிலையிலே முயன்று பார்' என்னும் மெய்யான சொல்லே பெருங் கருணை. மூன்றாவது, ஆட்டம் முடிந்தபின் அவன் கையிலே எஞ்சுவது யாது என்பது. குலையாத உடல், முடித்த பட்டம், தோல்வியை நாணாது நோக்கும் மனம் ஆகிய இவை எஞ்சுமாயின், ஒரு போட்டியிலும் ஆடாதவனும் இழந்தவனாகான்.

இம்மூன்றும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியனவல்ல; பாடசாலைக்குழுவைப் பழக்கும் எந்த ஆசிரியர்க்கும் பொருந்துவன. நம்மிடம் அப்பெரும் அரங்குகளும் பெரும் பொருளும் இல்லை. அவற்றோடு வரும் நெருக்குதலும் ஆண்டுவிழாப் போட்டிகளின் அளவோடு நிற்கின்றது. பொறுத்திருக்க வேண்டிய வசதி அவர்களினும் நமக்கே மிகுதி. அணித்தெரிவுப் பட்டியலிலே தன் பெயரைக் காணாத பதினான்கு வயதுப் பிள்ளையிடம், ஏன் இல்லை, இனி என்செய்தல் வேண்டும் என்று எடுத்துக்கூற ஆசிரியர்க்கு ஐந்து நிமிடம் போதும். அவன் அடுத்த நாளும் பயிற்சிக்கு வருவதும் வராதிருப்பதும் பெரும்பாலும் அவ்வைந்து நிமிடத்தைப் பொறுத்தனவே.